பனிச்சறுக்குக்குப் பருத்தி உடை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வசந்தகாலப் பனிச்சறுக்கு பற்றி வந்த கட்டுரையில் உடை பற்றிய பகுதி இரண்டே வரியில் முடிந்துவிட்டது. வெயில் அடிப்பதால் கனத்த ஜாக்கெட் தேவையில்லை, சாதாரண டி-ஷர்ட்டும் மேலே ஒரு ஸ்வெட்டரும் போதும் என்று எழுதியிருந்தார்கள். முதல்முறை போகிறவர்கள் இதை நம்பினால் மதியத்துக்குள் தொப்பலாக நனைந்து நடுங்குவார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கனத்த ஜாக்கெட் தேவையில்லை என்பது சரிதான். மற்றதெல்லாம் தவறு. கடுங்குளிரில் பனி உலர்ந்திருக்கும், உடையில் ஒட்டினால் தட்டிவிடலாம். வசந்தத்தில் அது பகலில் உருகி, இரவில் உறைந்து, மறுபடி உருகிக் கல் உப்புபோல மணிமணியாகிவிடும். காலையில் தரை இறுகிக் கிடக்கும். வெயில் ஏறியதும் மேல்பரப்பு இளகும், அப்போதுதான் சறுக்க இதம். மதியத்துக்குப் பின் எங்கும் சொதசொதவென்று நீர். இதோடு உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 12 டிகிரி என்று பார்த்துக் கிளம்பியவருக்கு மேலே 5, 6 டிகிரிதான் கிடைக்கும், காற்று தனி. ஆகவே உடை எடுக்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது ஈரத்தைப் பற்றி. வெளியிலிருந்து பனிநீர், உள்ளேயிருந்து வியர்வை. இரண்டையும் சமாளித்துவிட்டால் மெல்லிய துணியே தாராளம்.

பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த துணி உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். சறுக்கி இறங்கும்போது இது தெரியாது. மலைமேல் ஏற்றிச் செல்லும் திறந்த இருக்கை லிஃப்ட்டில் பத்து நிமிடம் அசையாமல் காற்றில் உட்காரும்போதுதான் முதுகு சில்லிடும். உடம்போடு ஒட்டிய முதல் துணி மெரினோ கம்பளியாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும். மெரினோ என்றால் சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ளது போதும், 250 கிராம் குளிர்காலத்துக்கானது. நல்ல வெயில் நாளுக்கு என் தேர்வு பாலியஸ்டர்தான், ஏனென்றால் சீக்கிரம் காயும். மெரினோவில் நாற்றம் தங்காது என்பது அதன் அனுகூலம். எதுவானாலும் முழுக்கை, கழுத்தில் பாதி ஜிப் இருந்தால் நல்லது. பலர் கோட்டை விடுவது உள்ளாடையில். பருத்தி பனியனையோ பருத்தி பிராவையோ உள்ளே போட்டுக்கொண்டு மேலே விலையுயர்ந்த மெரினோ அணிந்து என்ன பயன்?

காலுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் முக்கால் அளவு உள்ளாடை வாங்குங்கள். முழுநீளம் என்றால் அதன் விளிம்பு பூட்ஸுக்குள் சிக்கி முன்னங்காலை அழுத்தும், மாலைக்குள் தோல் சிவந்துவிடும். சாக்ஸ் ஒரே ஜோடிதான், மெல்லியது, பூட்ஸைத் தாண்டி மேலே வருவது. இரண்டு ஜோடி போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம் வரும், இறுக்கத்தில் ரத்த ஓட்டமும் குறையும்.

முதல் துணிக்கும் மேலுறைக்கும் நடுவே போடும் இடையடுக்கு காலையில் முதல் சில இறக்கங்களுக்குத்தான் வேண்டும். மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கை இழைத் துணி) ஒன்றோ கையில்லாத வெஸ்ட்டோ எடுத்துக்கொண்டு, வெயில் ஏறியதும் பைக்குள் வைத்துவிடலாம். இறகு அடைத்த ஜாக்கெட் இந்தப் பருவத்துக்கு ஒத்துவராது. நனைந்தால் இறகு ஒட்டிப்போய் சூடு காக்காது.

மேலுறை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பஞ்சு அடைக்காத வெறும் ஷெல் ஜாக்கெட்டும் ஷெல் பேன்ட்டும்தான் சரி. நீர் எதிர்ப்பை, அதாவது எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதை, மில்லிமீட்டரில் குறித்திருப்பார்கள். 5,000 என்பது தூறலுக்குத் தாங்கும். நனைந்த லிஃப்ட் இருக்கையில் முழு எடையோடு உட்கார்ந்தாலோ ஈரப்பனியில் மண்டியிட்டாலோ அந்த அழுத்தத்தில் நீர் உள்ளே புகுந்துவிடும். குறைந்தது 10,000 வேண்டும், பிற்பகலிலும் சறுக்குகிறவர்களுக்கு 20,000. பணம் குறைவென்றால் ஜாக்கெட்டில் சிக்கனம் பிடியுங்கள், பேன்ட்டில் வேண்டாம். நாள் முழுக்க ஈரத்தில் உட்காருவது அதுதான். தையல்களின் உட்புறம் முழுவதும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். சிலவற்றில் தோளிலும் கழுத்திலும் மட்டும் ஒட்டியிருப்பார்கள், பின்புறத் தையல் வழியே நீர் இறங்கும். வியர்வை ஆவி வெளியேறும் அளவும் அட்டையில் இருக்கும். ஆனால் அந்த எண்ணைவிட அக்குளிலும் தொடையிலும் உள்ள ஜிப் திறப்புகளையே நான் நம்புவேன். இறங்கும்போது திறந்து வைத்து, லிஃப்ட்டில் ஏறும்போது மூடினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பழைய ஜாக்கெட் வைத்திருப்பவர்கள் கிளம்புமுன் தோள்பட்டையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் சரி. துணி கறுத்து நீரை இழுத்துக்கொண்டால் நீரை விலக்கும் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது. உள்ளே நீர் புகாவிட்டாலும், நனைந்த மேல்துணி வழியே வியர்வை ஆவி வெளியேற முடியாது. அது உள்பக்கம் நீராகப் படிவதைப் பார்த்து ஜாக்கெட் ஒழுகுகிறது என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஷெல் துணிக்கென்றே உள்ள சோப்பில் துவைத்து நன்றாக அலசி, அட்டையில் அனுமதி இருந்தால் டிரையரில் குறைந்த சூட்டில் காய வையுங்கள். பெரும்பாலும் மேற்பூச்சு உயிர்பெறும். இல்லாவிட்டால் புதுப்பூச்சு ஸ்ப்ரே கிடைக்கிறது. துணியை மென்மையாக்கும் திரவம் மட்டும் கூடவே கூடாது.

அரைக்கால் சட்டையும் வெறுங்கையுமாகச் சறுக்கும் படங்கள் கட்டுரையோடு வந்திருந்தன. பார்க்க அழகுதான். ஆனால் மணிமணியான பனியில் வெறுந்தோலோடு விழுந்து இழுபட்டால் முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் உரியும். ஸ்கீயின் விளிம்பு கூரான எஃகு, கையை வெட்டும். கையுறை எவ்வளவு வெயிலானாலும் வேண்டும். பஞ்சு இல்லாத மெல்லிய தோல் கையுறை போதும். நனைந்ததை மதியம் மாற்ற இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். ஹெல்மெட்டுக்குள் கம்பளித் தொப்பி வேண்டாம். காற்றுத் துளைகளைத் திறந்துவிட்டாலே போதும்.

வெயிலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். புற ஊதாக் கதிர் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். கதிர் கீழிருந்தும் வருவதால் தாடையடி, மூக்கின் அடிப்புறம், காது, உதடு எல்லாம் கருகும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள். வெளிர்நிறத்தில் மெல்லிய கழுத்துக்குழாய் (கழுத்தோடு முகத்தையும் மூடும் துணிக்குழாய்) அணிந்தால் பாதி வேலை மிச்சம். காகிள்ஸில் எஸ்3 என்று குறித்த கண்ணாடி வெயிலுக்கு ஏற்றது. கண் கூசவில்லை என்று கழற்றினால், பனிக்குருடு (புற ஊதாக் கதிரால் கண் புண்படுவது) அப்போதே தெரியாது, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்த உணர்வோடு தொடங்கும்.

குழந்தைகளுக்கு நாம் எப்போதும் ஒரு துணி கூடுதலாகவே போட்டுவிடுகிறோம். கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். லிஃப்ட்டில் ஏறுவதற்கு முன்பே கழற்றுங்கள், மேலே போன பிறகு காற்றில் செய்ய முடியாது.

இப்படிக்கு,
பனிச்சறுக்கில் ஈடுபாடுள்ள வாசகர் ஒருவர்