சாமியார் என்று நினைத்துவிட்டேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இயேசுவுக்கே புகழ்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டி வலி கொஞ்சம் தேவலை. நியூயார்க்கில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ போன் செய்தால் அம்மா அடுக்களைக்குள் போய்ப் பேசுகிறாள். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.

ஈஸ்டர் அன்று நீ உனக்குப் பிடித்தவரைப் பற்றி 'அவர் டொமினிக்கன்' என்றாய். முப்பது வருடம் உபதேசியாராக இருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? வெள்ளை அங்கி, கறுப்பு மேலங்கி, காலடியில் தீவட்டியைக் கவ்விய நாய். டொமினிக்கன் என்றால் சாமிநாதர் துறவற சபைச் சாமியார் என்றுதான் நினைத்தேன். 'துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவரைக் கெடுத்தாயே' என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

'அது சபை இல்லப்பா, நாடு' என்று அப்புறம் சின்னவன்தான் சொன்னான். அட்லஸில் தேடினால், முதலில் டொமினிக்கா என்ற குட்டித் தீவு அகப்பட்டது. 1493-இல் கொலம்பஸ் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டதால், லத்தீனில் ஞாயிறைக் குறிக்கும் அந்தப் பெயராம். அந்த ஊர்க்காரர்களும் டொமினிக்கன்தானாம்! சின்னவன் என் விரலைப் பிடித்து ஹெய்ட்டிக்குப் பக்கத்தில், டொமினிக்கன் குடியரசில் வைத்தான். தலைநகர் சாந்தோ தொமிங்கோ. கொடியின் நடுவில் திறந்த பைபிள். இதை நீ அன்றே சொல்லியிருக்கலாம். சரி, நான் எங்கே சொல்லவிட்டேன்.

அந்த ஊரில்தான் 1511 டிசம்பர் 21 அன்று மொந்தேசினோஸ் சாமியார் பிரசங்கம் வைத்தார். அவர் சாமிநாதர் சபைதான். அந்த மண்ணின் பூர்வகுடிகளான தைனோ மக்களைச் சுரங்கத்தில் வதைத்த ஸ்பானியத் துரைகளைப் பார்த்து, 'இவர்கள் மனிதர்கள் இல்லையா?' என்று கேட்டார். பேசியதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு இன்னும் காரமாகப் பேசினார். மறைக்கல்வி வகுப்பில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! முன்வரிசையில் உட்கார்ந்து பெயர் பிசகாமல் ஒப்பிப்பவள் நீதான். ஆனால் அங்கே இன்றைக்கும் ஆட்கள் இருப்பார்கள், அதில் ஒருவர் நம் வீட்டுக்கு வரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாடு என்று தெரிந்ததும் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. உன் அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, 'ஆள் கறுப்பா?' அவள் என் கையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் அரிசி களையப் போய்விட்டாள். பெரியத்தை கல்யாணத்தின்போதும் நான் இப்படித்தான் கேட்டேன். அது உனக்குத் தெரியும்.

காலையில் வாழைக்காயை அவித்து மசித்துச் சாப்பிடுவார்களாமே? கிணற்றடி மொந்தன் இந்த முறை நல்ல குலை தள்ளியிருக்கிறது.

காதை மூடிக்கொள், மறக்காதே. ஞாயிறு பூசை முடிந்து எட்டரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். உனக்கு அப்போது சனி ராத்திரி. போன் என் கையில்தான் இருக்கும். அவர் பெயரை அம்மா சொல்ல மாட்டேன் என்கிறாள். உன்னிடமே கேட்கச் சொல்கிறாள்.

அப்பா