அந்த அரை மணி நேரம் எப்போது வருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை நான் முதலில் உங்களுக்கு எழுதவில்லை. எங்கள் வீட்டில் தினமும் ஓடும் ஒரு தனியார் தொலைக்காட்சி நிலையத்துக்குத்தான் எழுதினேன். 2021 ஜூனில் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, நேயர் ஒருவர் புகார் அனுப்பினால் அந்த நிலையமே 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், 15 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். ஒப்புகை வந்தது. மூன்று மாதமாகியும் பதில் வரவில்லை. மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது, அதையும் செய்வேன். ஆனால் சேனல்கள் தினமும் தர வேண்டிய அரை மணி நேரப் பொதுநல நிகழ்ச்சி எப்போது வருகிறது என்று நான் கேட்டது எனக்கு மட்டுமான கேள்வி இல்லை என்பதால் உங்கள் வாசகர்கள் முன் வைக்கிறேன்.

சென்னைத் தூர்தர்ஷனில் 'எதிரொலி' என்ற நிகழ்ச்சி வந்தது பலருக்கும் நினைவிருக்கும். நேயர்கள் எழுதும் கடிதங்களை எடுத்துப் படித்து நிலைய இயக்குநரே பதில் சொல்வார். எங்கள் பக்கம் அந்நாளில் இலங்கையின் ரூபவாஹினிதான் பளிச்சென்று தெரியும், சென்னை புள்ளி புள்ளியாக வரும். ஆனாலும் 'வயலும் வாழ்வும்' பார்ப்பதற்காக என்னை ஓட்டு மேல் ஏற்றி ஆன்டெனாவைத் திருப்பச் சொல்வார் அப்பா. குருத்துப்பூச்சிக்கு என்ன மருந்து என்பதை அதில் பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனவர் அவர். தூர்தர்ஷன் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைப் பார்த்தபடியே எத்தனையோ மாலைகள் போயிருக்கின்றன. செய்தியில் அரசைக் குறை சொல்லி ஒரு வரி வராது. ஆனால் பார்ப்பவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணம் அங்கே இருந்தது.

என்னைப் புகார் எழுத வைத்தது இதுதான். அம்மாவுக்கு 82 வயது. மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்து வரை தொடர்கள்தான் அவருக்குத் துணை. நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். காது மந்தமான, முழங்கால் வலிக்கிற ஒரு மனுஷிக்கு அந்தப் பெட்டிக்குள் இருப்பவர்கள்தான் அக்கம்பக்கத்தார். ஒரு சனிக்கிழமை இரவு, கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்கு அவளுடைய நாத்தனார் பாலில் விஷம் கலந்து கொடுக்கிறாள். டம்ளர் உதட்டருகே போகிறது, இடிச் சத்தம், 'தொடரும்'. ஞாயிற்றுக்கிழமை தொடர் கிடையாது. அந்தச் சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு நான் எழுந்து பார்த்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பாலைக் குடிச்சுடப் போவுதுடி அந்தப் பொண்ணு, யாராச்சும் சொல்லக்கூடாதா?" என்றார். கதைதானம்மா என்றேன். "கதைதான். தெரியுது. தூக்கம் வரலையே" என்றார்.

திங்கட்கிழமை நானும் ஒரு நோட்டும் கடிகாரமுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் மணி அடித்தது, அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள், அவ்வளவுதான். தலைப்புப் பாடல், சனிக்கிழமைக் காட்சிகள், விளம்பரங்கள், ஒரே முகத்தை மூன்று பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பக் காட்டியது, நாளைய முன்னோட்டம் எல்லாம் போக, அந்த அரை மணியில் கதை நகர்ந்தது பதினோரு நிமிடம். டம்ளரை எங்கே நிறுத்தினால் திங்கட்கிழமை பார்வையாளர் திரும்பி வருவார் என்பது எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தத் திறமையில் பாதியை அந்தப் பெண்ணின் பிரசவ காலத்தைச் சொல்வதில் காட்டியிருந்தால் என் அம்மா போன்றவர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டு பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

'மக்கள் பார்க்கிறார்கள், அதனால் தருகிறோம்' என்பது எல்லா நிலையத்தாரும் சொல்லும் விடை. மக்கள் பார்ப்பது எப்படித் தெரிகிறது? இந்தியாவில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் 20 கோடிக்கும் மேல். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு மீட்டர் வைத்திருப்பது அவற்றில் 50,000-க்கு மேற்பட்ட வீடுகளில். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் உண்டு, பெட்டி முன் உட்காரும்போது தன் பொத்தானை அழுத்த வேண்டும். வியாழக்கிழமைதோறும் அந்தக் கணக்கு வெளியாகிறது. எந்த நேரத்துக்கு எந்தத் தொடர், எதை இழுப்பது, எதை முடிப்பது, எந்த இரண்டைச் சேர்த்து 'மகாசங்கமம்' போடுவது என்பதெல்லாம் அதைப் பார்த்து முடிவாகிறது. மாதிரிக் கணக்கெடுப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சேனல் ஓடியது, எதிரே யார் இருந்தார் என்பதை மட்டும்தான் அந்த மீட்டர் சொல்லும். எங்கள் வீட்டில் அது இல்லை. இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை அம்மாவின் பொத்தான் அந்தத் தொடருக்கு ஆதரவாகவே பதிவாகியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தது எங்கும் பதிவாகாது.

டிஆர்பி என்னும் அந்தப் பார்வையாளர் கணக்குதான் எல்லாத் தீமைக்கும் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. 2020 அக்டோபரில், மீட்டர் வைத்த வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் கணக்கை ஏற்றியதாக மும்பைக் காவல்துறை குற்றம்சாட்டியபோது, செய்திச் சேனல்களுக்கான மதிப்பீட்டையே நிறுத்தி வைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் மறுபடி தொடங்கியது. கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு எந்தச் செய்திச் சேனலுக்கும் மதிப்பெண் இல்லை. அந்தக் காலத்தில் இரவு விவாதங்களின் சத்தம் குறைந்ததாக நான் உணரவில்லை. ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசுவதும், நெறியாளர் அதற்கு மேல் பேசுவதும் அப்படியேதான் இருந்தன. ஆக, எதைக் காட்டுவது என்று முடிவெடுப்பது ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் மனிதர்கள். மீட்டரைக் கைகாட்டிவிட்டு அவர்கள் விலகிக்கொள்ள முடியாது.

நான் ஆசிரியையாக இருந்தபோது ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகிப் போனாள். ஊரே கையசைத்து வழியனுப்பியது. குழந்தைகளைப் படப்பிடிப்பில் ஈடுபடுத்தினால் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2017-இல் கொண்டுவந்த குழந்தைத் தொழிலாளர் விதிகள் சொல்கின்றன. அவள் காலை ஒன்பது மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வெளியே வந்தாள். மேடையில் பாட்டு முடிந்ததும், இறந்துபோன அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கு வந்தவள் என்னிடம் சொன்னது: "டீச்சர், நான் பாடுனத விட அழுததத்தான் நெறைய காட்டுனாங்க." அவள் கல்யாணி ராகத்தில் அழகாகப் பாடுவாள். அதற்குப் பிறகு பள்ளி ஆண்டு விழாவில்கூட மேடையேற மறுத்துவிட்டாள்.

2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். 29-ஆம் தேதி அதிகாலை உயிரற்ற உடலை எடுக்கும்வரை, இடையில் வந்த தீபாவளியன்றும், தமிழ்நாடு முழுக்கத் திரை முன்னால் இருந்தது. நானும்தான் இருந்தேன், அழுதேன். அதற்குப் பிறகு பல ஊர்களில் பயனற்ற கிணறுகளை மூடினார்கள் என்பதும் உண்மை, அதில் தொலைக்காட்சிக்குப் பங்கு உண்டு. என் வருத்தம் அதற்கு முந்தைய காலத்தைப் பற்றியது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை எப்படி மூட வேண்டும், புதிதாகத் தோண்டும்போது எப்படி வேலி போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டுதல் தந்திருந்தது. ஒன்பது ஆண்டுகளில், எல்லோரும் பார்க்கிற இரவு எட்டு மணிக்கு, அதைப் படம் பிடித்து விளக்கி அரை மணி நேர நிகழ்ச்சி எதுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை. விழுந்த பிறகு மணிக்கணக்கில் தர முடிந்த நேரத்தில் ஒரு துளியை முன்பே தந்திருக்கலாம்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். அலைவரிசை பொதுச் சொத்து, அதைப் பொதுமக்களின் நலனுக்காகவே பயன்படுத்த வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் நடந்த வழக்கு அது. 2022 நவம்பரில் தொலைக்காட்சிச் சேனல்களுக்காக மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும், தினமும் 30 நிமிடம் பொதுநல நிகழ்ச்சி தர வேண்டும் என்று இருக்கிறது. கல்வி, வேளாண்மை, சுகாதாரம், அறிவியல், பெண்கள் நலம், நலிந்த பிரிவினர் நலம், சுற்றுச்சூழலும் பண்பாடும், தேசிய ஒருமைப்பாடு என எட்டுப் பொருள்கள். விளையாட்டுச் சேனல் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. படித்தபோது அவ்வளவு மகிழ்ந்தேன்.

அடுத்த ஜனவரியில் வந்த விளக்கக் குறிப்பு அந்த மகிழ்ச்சியைக் கரைத்தது. 30 நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க வேண்டாமாம். சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கலாமாம். மற்ற நிகழ்ச்சிகளுக்குள் வரும் பகுதியையும் கணக்கில் சேர்க்கலாமாம். மாதத்துக்கு 15 மணி நேரம் கூடிவந்தால் போதுமாம். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை போடுவதைச் சேர்க்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனை மட்டும் நிற்கிறது. எங்கள் வீட்டில் வரும் சேனல்களில் அந்த 30 நிமிடம் எது என்று ஒரு வாரம் தேடினேன், அடையாளம் காண முடியவில்லை. நான் புகாரில் கேட்டதும் இதைத்தான்: உங்கள் பொதுநல நேரம் எத்தனை மணிக்கு வருகிறது, அதை ஏன் இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் தரக் கூடாது?

தொடர்களை நிறுத்தச் சொல்லவில்லை. அவற்றை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன, என் அம்மாவுக்கும் அவை வேண்டும். ஏழிலிருந்து பத்துக்குள் ஆறு அரை மணி நேரங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைக் கேட்கிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழில் தினமும் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியல் வருகிறது. ஒவ்வொரு சேனலின் பெயருக்குக் கீழும் 'பொதுநல நிகழ்ச்சி' என்று ஒரு வரி சேர்த்து, நேரத்தை அந்த நிலையத்தாரிடமே கேட்டுப் போடுங்கள். யாராவது நேரம் சொல்லவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாகவே அச்சிடுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருத்துறைப்பூண்டி.