பக்கத்து வீட்டு சேலஞ்சர்

வாரன், மிச்சிகன்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே நீங்க, அம்மா, அம்மாயி எல்லாரும் சுகம்தானே? உங்க கடிதம் போன வாரம் கிடைச்சது. நாலு வரி எழுதக்கூட நேரமில்லையான்னு கேட்டிருந்தீங்க. நேரமெல்லாம் இருக்குது, இந்தக் குளிர்ல பேனாவைத் தொடத்தான் மனசு வரலை. ராத்திரி பாலுக்கு உறை ஊத்தினா மறுநாள் சாயங்காலமும் பாலாவேதான் இருந்துச்சு. இப்ப ஓவனுக்குள்ள லைட்டை மட்டும் எரியவிட்டு வைக்கிறேன், தோஞ்சிடுது. அம்மாகிட்டச் சொல்லுங்க.

கார் வாங்கியாச்சான்னு கேட்டீங்க. அவசரமில்லைன்னு விட்டிருக்கேன், கூட வேலை செய்யறவர் தினமும் ஏத்திக்கிட்டுப் போறார். ஆனா கார்ப் பேச்சுக்குக் குறைச்சலே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் 1970 டாட்ஜ் சேலஞ்சர் வெச்சிருக்கார், கத்திரிப்பூ கலர். இங்க பனிக்கு ரோடெல்லாம் உப்பு கொட்டறாங்க (டெட்ராய்ட்டுக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்குது!), துருவுக்குப் பயந்து குளிர் முடியற வரைக்கும் வண்டியை வெளிய எடுக்க மாட்டார். ஞாயித்துக்கிழமை ஷெட் கதவைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் பக்கத்துல உட்கார்ந்து கேட்பார். நாம பேசினா கையைக் காட்டி நிறுத்திடுவார்.

அவர் மச்சான்கிட்ட அதே வருஷத்து பிளிமத் குடா. ரெண்டும் கிரைஸ்லர் கம்பெனி கார்தான், ஹாம்ட்ராமிக் ஃபாக்டரியில செஞ்சது, பெரியவர் அங்கதான் வேலை பார்த்தாராம். 1980-ல மூடி, அப்புறம் இடிச்சே போட்டுட்டாங்க. ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான். ஆனா வீல்பேஸ், அதான் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், சேலஞ்சருக்கு 110 இஞ்ச், குடாவுக்கு 108. ஒண்ணோட வெளித்தகட்டைக் கழட்டி இன்னொண்ணுக்கு மாட்ட முடியாது. ஒரே கத்திரிப்பூ பெயிண்ட்டுக்கு டாட்ஜ்ல பிளம் கிரேஸி, பிளிமத்ல இன்-வயலெட்னு தனித்தனிப் பேரு! சேகரிக்கிறவங்க குடாவுக்குத்தான் பணத்தைக் கொட்டறாங்க. 7 லிட்டர் ஹெமி எஞ்சின் போட்ட 1971 குடா, மடக்கு டாப் வண்டி, 2014-ல சியாட்டில் ஏலத்துல 35 லட்சம் டாலருக்குப் போச்சு. எனக்கென்னவோ சேலஞ்சர்தான். நீளம் கூடினதால நிக்கறப்பவே ஒரு நிதானம் தெரியுது.

மச்சான் வண்டியிலயும் ஹெமின்னு எழுதியிருக்குது. நீங்க பழைய லாரி பார்க்கப் போனா முதல்ல சேஸ் நம்பரைத்தானே துடைப்பீங்க? இதுல கண்ணாடி வழியாவே டேஷ்போர்டு நம்பர் தெரியும். அஞ்சாவது எழுத்து ‘ஆர்’ இருந்தா ஹெமி. அங்க இருந்தது ‘என்’, அதாவது ஹெமியைவிடச் சின்ன 383 எஞ்சின். பின்சக்கரத்துக்கு மேல காந்தத்தை வெச்சேன், ஒட்டலை. தகடு இருக்க வேண்டிய இடத்துல முழுக்கப் பட்டி பூசி மூடியிருக்காங்க. நான் வாயே திறக்கலை. மச்சான் விவகாரம், நமக்கெதுக்கு?

அன்னிக்குப் பெரியவர் தின்னர் டின்னைத் திறந்தார். அந்த வாசம் வந்ததும் நம்ம பட்டறையிலயே நிக்கறேன்னு நெனச்சு, நீங்க ஸ்பேனர் கேட்பீங்கன்னு திரும்பிப் பார்த்துட்டேன்ப்பா. கொஞ்ச நேரம் அங்க நிக்க முடியலை, வீட்டுக்கு வந்துட்டேன்.

சரி, அதை விடுங்க. இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைச்சலா வரும், அடுத்த மாசம் சேர்த்து அனுப்பறேன். சொசைட்டி நகைக்கடனுக்கு வட்டியை மட்டும் கட்டி மாத்தி வெச்சிடுங்க, அம்மா வளையலை ஏலத்துக்கு விட்டுடாதீங்க. அம்மாயி கண் ஆபரேஷனைப் பங்குனிக்குள்ள முடிச்சிடுங்க. கிணத்து மோட்டாருக்குச் சித்தப்பா பங்கு தந்தாரா? தங்கச்சியைப் பார்க்க ராசிபுரத்துக்காரங்க எப்ப வர்றாங்கன்னு உடனே எழுதுங்க. மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு நீங்க எழுதவே இல்லை.

இப்படிக்கு,
உங்க மகன்