உழவு முடிந்ததும் வண்டி ஏன் உடனே கிளம்பாது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள விவசாயிகளுக்கு வணக்கம்.

நத்தம் வட்டாரத்தில் எங்களிடம் டிராக்டர், ரோட்டவேட்டர், கலப்பை, டிரெய்லர் வாடகைக்கு எடுக்கும் எல்லோருக்கும் இந்த மடல். இனி வேலை முடிந்ததும் டிரைவர் உங்கள் காட்டிலேயே முக்கால் மணி நேரம் நின்று, மண்ணைச் சுரண்டிக் கழுவிய பிறகுதான் அடுத்த ஊருக்குக் கிளம்புவார். அந்த நேரத்துக்கு வாடகை கிடையாது. 200 லிட்டர் டிரம் ஒன்றில் தண்ணீரும், ஓடை, வாய்க்காலுக்குத் தள்ளிய கெட்டித் தரையும் கொடுத்தால் போதும்.

காரணம் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு. 2022-ல் கரந்தமலை அடிவாரத்து ஊர்க்காரர்கள், ஆடு மாடுகளின் கண்ணையே கெடுக்கிறது என்று சொன்னார்களே, அதுதான். கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். இதன் ராணி பறந்துபோய்க் குடியேறுவது அபூர்வம். ராணியும் கொஞ்சம் வேலைக்கார எறும்புகளும் கூட்டத்திலிருந்து பிரிந்து, பக்கத்திலேயே நடந்துபோய்த் தங்கும். ஆகவே ஓர் ஊர் விட்டு இன்னோர் ஊருக்கு அது தாவுகிறதென்றால், பெரும்பாலும் நம் வண்டியிலோ, எருவிலோ, நாற்றுப் பையிலோதான் போகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் செந்தீ எறும்புக்காக 1958 முதலே, மண் வேலை பார்த்த இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் அந்த எறும்பு உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியின் எல்லை தாண்ட விடுவதில்லை. எறும்பு வேறு, ஏறிப்போகும் வழி ஒன்றுதான்.

கழுவுவதில் வரிசை முக்கியம். முதலில் காய்ந்த மண்ணைக் கம்பியாலும் பிரஷாலும் சுரண்ட வேண்டும், பிறகுதான் தண்ணீர். எடுத்தவுடன் தண்ணீர் அடித்தால் செம்மண் குழைந்து இடுக்கை மெழுகிவிடும். உள்ளே இருக்கும் எறும்பு பத்திரமாக இருக்கும்.

ரோட்டவேட்டரில் கை வைக்குமுன் பிடிஓ-வை (டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டரைச் சுழற்றும் தண்டை) நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, அடியில் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் குனியவே கூடாது. கத்தி மாட்டும் பிளேட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே உள்ளங்கையளவு மண் இறுகிக் கிடக்கும். மேலே ஓடு போலக் காய்ந்திருக்கும், உடைத்தால் உள்ளே ஈரம். ஒரு ராணி தங்க அது தாராளம். ஷாஃப்ட் முனை பேரிங்கில் சுற்றிய வைக்கோல், வேர் எல்லாவற்றையும் அறுத்தெடுக்க வேண்டும். பின் தட்டின் கீலும் பார்க்க வேண்டிய இடம்.

கலப்பையில் பலரும் விட்டுவிடுவது சட்டத்தின் சதுரப் பைப். இரு முனையும் திறந்திருந்தால் உள்ளே கூடு வைக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நீளக் கம்பி விட்டுக் குடைந்து, பிறகு காற்று அடிக்க வேண்டும். எங்கள் கலப்பைகளில் பைப் வாயைத் தகடு வைத்து வெல்டிங் செய்து அடைத்துவிட்டோம். உங்கள் சொந்தக் கலப்பைக்கும் அப்படிச் செய்துகொள்ளுங்கள். டிரெய்லரில் சேஸிஸ் சானலின் உள்பக்கம், டிராக்டரில் பேட்டரிப் பெட்டியும் டூல் பாக்ஸும் பார்க்க வேண்டிய இடங்கள். ரேடியேட்டரில் தண்ணீரை வேகமாக அடிக்காதீர்கள், தகடு மடங்கும்.

டீசல் ஊற்றிக் கழுவ வேண்டாம். ரப்பர் சீல் ஊறிக் கெடும், மண்ணும் பாழ். பூச்சிமருந்தை மேலாக அடித்தால் வெளியே ஓடும் எறும்புதான் சாகும், ராணி உள்ளேயே இருக்கும்.

ராத்திரி கலப்பையை மண்ணில் இறக்கி வைக்காதீர்கள். இந்த எறும்பு மேடாகப் புற்று கட்டாது. சருகு, கல்லிடுக்கு, குழாய் என்று கிடைத்த இடத்தில் தங்கும், சட்டென்று இடமும் மாறும். கல் மேல் ஏற்றி வைத்து, காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள். மாங்காய்க் கிரேட்டுக்கும் இதேதான்: காலிக் கிரேட்டை மரத்தடியில் அடுக்காமல் சிமெண்ட் தரையில் வையுங்கள்.

மாமரத்து முசுறை இதுவென்று நினைத்து அழித்துவிடாதீர்கள். முசுறு இலையைப் பின்னிக் கூடு கட்டும், வெடுக்கென்று கடிக்கும், மரத்துப் பூச்சியைத் தின்று நமக்கு உதவும். இதுவோ 4 முதல் 5 மில்லிமீட்டர், மஞ்சள் கலந்த பழுப்பு, ஒல்லி உடம்பு, நீளக் கால். கலைத்தால் திசை தெரியாமல் தாறுமாறாக ஓடும். சந்தேகம் இருந்தால் வெயில் ஏறுமுன் அட்டையில் வெல்லப்பாகு தடவி, நிழலில் அரை மணி நேரம் வைத்து, வந்து மொய்க்கும் எறும்பைப் பாருங்கள்.

உங்கள் காட்டில் இந்த எறும்பு இருப்பது தெரிந்தால் வண்டி கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். வர மாட்டோம் என்று சொல்ல மாட்டோம். உங்கள் காட்டை அன்றைய கடைசி வேலையாக வைத்துக்கொள்வோம், கழுவ இன்னோர் ஆளையும் அனுப்புவோம். வனச்சரக அலுவலகத்துக்கும் தகவல் கொடுங்கள். கிளறும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டிராக்டர் வாடகை நிலையத்தார்