கையெழுத்துப் போடுமுன் வாசிக்க

தெசலோனிக்கி, கிரீஸ்,
ஞாயிறு இரவு

அன்புத் தம்பி சகாயத்துக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல்.

அம்மாவுக்குப் பணம் அனுப்பியாச்சு. முட்டுவலிக்கு மருந்து வாங்கிய பிறகுதான் மற்றச் செலவு என்று சொல். கால்பந்து கிளப்காரர்கள் வீடு தேடி வந்ததையும், நீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் துடிப்பதையும் போனில் சொன்னாய். நானும் ஏதோ சொல்ல வந்தேன். நீ "சரிண்ணே, சரிண்ணே" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். இதையாவது உட்கார்ந்து படி.

இங்கே குளிர் பிடித்துவிட்டது. வர்தாரிஸ் என்று ஒரு வடகாற்று ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வரும். அது அடிக்கிற நாளில் கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் போவார்கள். கடல் பக்கத்திலேயே இருந்தாலும் நம்ம கடப்புறத்து இரைச்சல் கிடையாது. வளைகுடா என்பதால் குளம் போலக் கிடக்கும். எனக்கு வேலை அடுக்களையில். பகலில் கணவாய் சுத்தம் செய்வதும் நெத்திலி தலை கிள்ளுவதும், ராத்திரியில் பொரிப்பதும். தூத்தூர்காரனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவேண்டுமா? மாவில் புரட்டிப் பொரித்து, எலுமிச்சை பிழிந்து தின்கிறார்கள். மிளகாய்ப் பொடி மட்டும் என் அறையில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

கடை முதலாளியின் மாமனார் சாயங்காலமானால் வந்து உட்காருவார். நம்ம ஊரில் பையன் நடக்கப் பழகும்போதே பந்தைத் தட்டுவான் என்று என் அரைகுறை கிரேக்கத்தில் ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து காப்பி ஆறும்வரை கால்பந்துதான். இந்த ஊரில் மூன்று கட்சி: கறுப்பு வெள்ளை பாவோக், மஞ்சள் கறுப்பு ஆரிஸ், நீலம் வெள்ளை இராக்லிஸ். மூன்றிலும் மூத்தது 1908-ல் தொடங்கிய இராக்லிஸ். பெரியவர் அந்தக் கட்சி. பணமுடையில் கீழ்ப்பிரிவுகளுக்கெல்லாம் போய்வந்த கிளப் அது, இருந்தும் மனுசர் மாறவில்லை.

2004-ல் கிரீஸ் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது உனக்குத் தெரியும். கேப்டன் சாகோராகிஸ், முதல் ஆட்டத்தில் போர்ச்சுக்கலுக்கு எதிராக முதல் கோல் போட்ட காரகூனிஸ், அந்த இரண்டு நடுக்கள ஆட்டக்காரர்களைத்தான் நீயும் சொல்வாய். பெரியவரிடம் அந்தப் பேச்சே எடுபடாது. அவருக்கு ஒரே ஆள்தான்: வாசிலிஸ் ஹட்சிபனாயிஸ்.

அந்த ஆள் பிறந்தது 1954-ல், அன்று சோவியத் நாட்டோடு இருந்த உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில். கிரேக்கத்தில் 1949-ல் உள்நாட்டுச் சண்டை முடிந்தபோது தோற்ற இடதுசாரிகள் ஆயிரக்கணக்கில் ஓடிப்போனார்கள். சோவியத் அரசு பலரைத் தாஷ்கண்டில் குடிவைத்தது. அப்படி ஒரு அகதிக் குடும்பத்துப் பிள்ளை. அங்கேயே பாக்தகோர் கிளப்பில் ஆடி, சோவியத் ஒலிம்பிக் அணிக்காகத் தகுதி ஆட்டங்களிலும் இறங்கினான். இந்த ஒலிம்பிக் சங்கதியை மறந்துவிடாதே. 1974-ல் இங்கே ராணுவ ஆட்சி விழுந்ததும் அகதிகளுக்கு ஊர் திரும்ப வழி பிறந்தது. 1975 கடைசியில் அவன் இராக்லிசுக்கு வந்து சேர்ந்தான். பிறக்காத ஊருக்குத் 'திரும்பி' வந்தவன்!

பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஆடிக் காட்டுவார். இடது காலில் பந்து. எதிராளி வலப்பக்கம் சாய்ந்ததும் இவன் இடப்பக்கம் போய்விடுவானாம். கார்னர் உதையை வளைத்து நேரே வலைக்குள் இறக்குவதில் பேர்போனவன். பாலே ஆட்டக்காரர் நுரெயேவின் பெயரை வைத்து 'கால்பந்தின் நுரெயேவ்' என்றார்கள். 1976 ஜூனில் கிரேக்கக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே ஒலிம்பியாகோஸ். 4-4 சமன், பெனால்டியில் 6-5 என்று இராக்லிஸ் வென்றது. அவன் போட்டது இரண்டு கோல். கிளப் ஜெயித்த ஒரே கிரேக்கக் கோப்பை இன்றுவரை அதுதான்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் கிரேக்கத் தேசிய அணியில் இறக்கினார்கள். எதிரணி, 1974 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் வந்த போலந்து. கிரீஸ் 1-0 என்று ஜெயித்தது. பிறகுதான் இடி. சோவியத் அணிக்கு ஆடியவன் இன்னொரு நாட்டுக்கு ஆடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். மொழி, ரத்தம், சட்டை எல்லாம் சரியாக இருந்தும் காகிதம் சரியில்லை! 1980-ல் கிரீஸ் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பைக்குப் போனபோது அவன் வீட்டில். 1999-ல், 45 வயதில், கானாவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் இறக்கிவிட்டார்கள். 2003-ல் கிரேக்கக் கால்பந்துச் சங்கமே அவனை ஐம்பது வருஷத்தின் தங்க ஆட்டக்காரன் என்று தேர்ந்தெடுத்தது. தேசிய அணிக்கு இரண்டே ஆட்டம் ஆடியவனை!

இனி சொல்வதுதான் உனக்கு. தேசிய அணி இல்லாவிட்டால் என்ன, இத்தாலிக்கோ இங்கிலாந்துக்கோ போயிருக்கலாமே என்று கேட்டேன். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். லாட்சியோ, அர்செனல், ஸ்டுட்கார்ட் என்று பல வெளிநாட்டுக் கிளப் பெயர்கள் அடிபட்டன. ஆனால் அந்தக் காலத்து முறைப்படி ஒருமுறை ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டவன், கிளப் மனம்வைக்காமல் நகரமுடியாது. இராக்லிஸ் விடவில்லை. 1980-ல் ஒரு லஞ்ச வழக்கில் கிளப்பையே இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள். அங்கேயும் ஆடினான். 1984-ல் நியூயார்க்கில் உலக லெவன் அணியில் பெக்கன்பவர், கீகன், கெம்பெஸ் என்ற பெரிய ஆட்டக்காரர்கள் கூட நின்றான், திரும்ப இங்கேதான் வந்தான். 1990 வரை அதே நீல வெள்ளைச் சட்டை.

பத்திரிகைகள் இதை விசுவாசக் கதையாக எழுதுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஊர் பதினைந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டாடியதற்கு விலை கொடுத்தது அவன் ஒருத்தன். இதைச் சொன்னதும் பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. மறுநாள் அவரே "நீ சொன்னதிலும் நியாயம் உண்டு" என்று ஒரு ரொட்டியைப் பிய்த்து நீட்டினார். அரங்கத்தையும் போய்ப் பார்த்தேன். கஃப்தன்சோக்லியோ என்று பெயர், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேட் பூட்டியிருந்தது.

லேய் மக்கா, உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எத்தனை வருஷம்? முடிந்த பிறகு நீட்டுவதற்கு உன் சம்மதம் வேண்டுமா, அவர்களே நீட்டிக்கொள்ளலாமா? வேறு கிளப் கேட்டால் விடுதலைத் தொகை எவ்வளவு? முட்டு முறிந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? ஏழுபேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்குப் போகத் தடை உண்டா? பங்குச்சாமிக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் மார்த்தாண்டத்தில் இருக்கிறாரே, அவரிடம் ஒருமுறை காட்டு. அவசரப்படுத்துகிறவனிடம் அண்ணன் இன்னும் பார்க்கவில்லை என்று சொல். பழியை என்மேல் போடு, பரவாயில்லை.

கிறிஸ்துமசுக்கு நான் வரமுடியாது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். அது கைக்கு வருமுன் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி நுழைவதில் சிக்கல் வரலாம் என்கிறார்கள். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. சாப்பிட்டு முடித்த பிறகு சொல்.

அன்புடன்,
அண்ணன்