அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, மாறுவேடப் போட்டி, கோகோ எல்லாவற்றிலும் பிள்ளைகள் சிறப்பாகச் செய்தார்கள். வாழ்த்துகள்.

அறிவியல் கண்காட்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், இந்தியாவின் ககன்யான் கலத்தில் போகும் விண்வீரர்கள் ஆபத்தில் தப்பிக்க ராக்கெட்டின் நுனியில் பொருத்தும் அமைப்பைத் தெர்மாகோலில் செய்திருந்தார்கள். 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ ஆளில்லாமல் சோதித்தது இதைத்தான். சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் அதன் மோட்டார்கள் எரிந்து, கலத்தை ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போயின. பிறகு கலம் பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கியது.

“இது தேவைப்படாவிட்டால்?” என்று ஒரு தந்தை கேட்டார். “பாதி வழியில் கழற்றிவிட்டுவிடுவார்கள் அங்கிள்” என்றாள் மாணவி. சரிதான், பெரும்பாலான பயணங்களில் அதற்கு வேலையே இருக்காது. ஆனால் 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் நாட்டின் பைகோனூரில் ஏவுதளத்திலேயே சோயுஸ் ராக்கெட் தீப்பிடித்தது. கம்பிகள் எரிந்துபோனதால் தப்பிக்கும் அமைப்புக்குத் தரையிலிருந்து ரேடியோ வழியாகக் கட்டளை கொடுத்தார்கள். கலம் கிளம்பிய சில நொடிகளில் ராக்கெட் வெடித்தது. கலத்துக்குள் இருந்த விண்வீரர்கள் தித்தோவ், ஸ்த்ரெகாலோவ் இருவரும் சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கினார்கள்.

இவ்வளவும் எழுதுவது நம் பின்பக்கக் கேட்டுக்காகத்தான். சென்ற வாரத் தீ ஒத்திகையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக அங்கே வந்தார்கள். கேட் பாதிதான் திறந்தது; வெளியே ஒரு காரும் நான்கு பைக்குகளும். மைக்கில் கூப்பிட்டு, கார்க்காரர் டீக்கடையிலிருந்து வந்து வண்டியை எடுக்க ஏழு நிமிடம் ஆனது.

மாலையில் நிழல் அந்தப் பக்கம்தான் விழுகிறது, தெரியும். “அந்தக் கேட்டை யாரும் பயன்படுத்துவதே இல்லையே சார்” என்றும் ஒருவர் சொன்னார். ராக்கெட் நுனியில் இருப்பதையும் யாரும் பயன்படுத்துவதில்லை, அந்த ஒரு நாள் வரும்வரை. 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. ஆகவே இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஜனவரி முதல் அங்கே நிற்கும் வண்டியின் எண் காவல் நிலையத்துக்குப் போகும், யாருடைய வண்டியானாலும் சரி. (என் ஸ்கூட்டரும் ஒருநாள் அங்கே நின்றது. வாட்ச்மேன் சொன்னதும் எடுத்துவிட்டேன்.)

வண்டிகளை எதிரே உள்ள மைதானத்தில் நிறுத்தலாம். ஒத்திகையன்று வெயிலில் நின்று பைக்குகளைத் தூக்கி நகர்த்திய மூன்று தந்தையருக்கும், பிள்ளைகளுக்கு மோர் கொண்டுவந்த அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. பொங்கல் வாழ்த்துகளை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்