கம்பளிப் பின்னலாடை சேகரிப்போர் சங்கம், திருப்பூர்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

பனியன் ஊரில் ஸ்வெட்டருக்கு ஒரு சங்கமா என்று இந்த ஆண்டும் பலர் கேட்டார்கள். வெயிலுக்கும் நமக்கும் உள்ள தகராறு தனி. கண்ணியை எண்ணிப் பார்த்து வேலையின் தரம் சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரைப் போல வேறெங்கே கிடைப்பார்கள்? மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது.

ஆண்டு முழுவதும் பேச்சு ஒரு ஃபேர் ஐல் ஸ்வெட்டரைச் சுற்றியே இருந்தது. ஃபேர் ஐல் என்பது ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஓர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் இடையில் கிடக்கும் சிறு தீவு. 1920-களில் வேல்ஸ் இளவரசர் அந்த ஊரின் பல நிறப் பின்னலைப் போட்டுக்கொண்டு கோல்ஃப் ஆடியதால் உலகமே அதைக் கேட்க ஆரம்பித்தது. நம் துணைத் தலைவர் அம்மையாருக்கு மகள் அனுப்பிய ஆடையை எல்லாரும் முன்பக்கம் பார்த்து வியந்தபோது, மூத்த கட்டிங் மாஸ்டர் ஒருவர் பேசாமல் வாங்கி உள்பக்கம் திருப்பினார். பாராட்ட வேண்டியது அங்கேதான் இருந்தது. எத்தனை நிறம் தெரிந்தாலும் ஒரு வரிசையில் இரண்டு நூல்தான். வேலையில்லாத நூல் பின்னால் படுத்தபடி போகும். இழுத்துப் பிடித்தால் முன்பக்கம் சுருங்கும், தளரவிட்டால் போடும்போது விரல் மாட்டும். அந்த ஆடையில் இரண்டுமே இல்லை.

இதே பின்னலில் முன்பக்கம் திறக்கும் கார்டிகன் செய்யும் முறையைக் கேட்டதும் மாஸ்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். முழுவதையும் குழாயாகவே பின்னி முடித்து, பிறகு நடு நெஞ்சில் நேராகக் கத்தரி வைக்கிறார்கள். நம் பருத்தியில் அப்படிச் செய்து ஓரம் அடிக்காமல் விட்டால் கண்ணி சரசரவென்று இறங்கிவிடும். ஷெட்லாந்துக் கம்பளி இழையிலுள்ள நுண்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வெட்டிய ஓரம் அப்படியே நிற்கிறது.

ஒரு கூட்டத்தில் சற்றுச் சூடு பறந்தது. அயர்லாந்தின் ஆரன் ஸ்வெட்டரில் குடும்பத்துக்கு ஒரு பின்னல் உண்டு, கடலில் மூழ்கிய மீனவரை அதைக் கொண்டே அடையாளம் கண்டார்கள் என்ற கதையைப் புது உறுப்பினர் ஒருவர் உருக்கமாகச் சொன்னார். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிற்காது. அயர்லாந்து நாடகாசிரியர் சிங் (Synge) எழுதி 1904-ல் மேடையேறிய நாடகமொன்றில் மூழ்கியவனைக் காலுறையில் விட்டுப்போன கண்ணியால் அடையாளம் காண்கிறார்கள். அதிலிருந்து ஊதிப் பெரிதானது இது. ஆரன் பின்னலே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானதுதான். ஐஸ்லாந்தின் வட்டத் தோள் ஸ்வெட்டரான லோபபெய்சா இன்னும் இளையது. பழமை என்று சொல்லி விலையேற்றும் வியாபாரியிடம் இதை நினைவில் வைப்பது பைக்கு நல்லது.

அப்படி ஏமாந்த உறுப்பினரும் உண்டு. கடையின் பெயர் வேண்டாம். நார்வே கைப்பின்னல் என்று வாங்கியதில் ஓர் இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினோம். கம்பளியாக இருந்தால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். இது உருகிக் கடினமான மணியாகத் திரண்டது. அக்ரிலிக். அவர் அதையும் சேகரிப்பில் வைத்திருக்கிறார், பாடத்துக்காக.

ஊட்டிப் பயணத்தில் திபெத்தியர் கடைகளை விடத் தோடர் பூத்தையல்தான் நம்மை நிறுத்தி வைத்தது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணியே ஊசி ஓட்டுகிறார்கள். அவர்கள் போர்வையான புத்துக்குளியை இரு பக்கமும் திருப்பிப் பார்க்கலாம், எதுவும் ஒளிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு குறும்பை ஆட்டுக் கம்பளி நெய்வோரைச் சந்திக்க வேண்டுமென்று தலைவர் விரும்புகிறார்.

பூச்சி விஷயம். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் அதற்கு விருந்துதான். வசம்பும் வேப்பிலையும் வைக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் ஏற்கெனவே இட்ட முட்டையை அவை கொல்லாது. அலசி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் இட்டு, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வீட்டில் திட்டு விழுந்தால் சங்கம் பொறுப்பல்ல.

வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தேநீருக்கு முன்பே அவரைப் பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்